அடிவாரத்துப் புகை

எங்கள் வேனின் இன்ஜின் செத்துப்போய்விட்டது என்று முதலில் அறிவித்தவர் என் அண்ணன். அறிவிப்பதற்கு முன் அவர் வேனுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாராம். இரண்டு வளைவு கீழே, அடிவாரத்தில், என் மனைவி ஓட்டிக்கொண்டு போன வேன் பின்னால் நீலமாகப் புகை விட்டதாம். மேலேயிருந்து பார்த்தாராம். அன்று சாயங்காலம் தலைச்சோலையில் எங்கள் வாசலுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“இன்ஜின் முடிஞ்சு போச்சுடா. வித்துரலாம். ஆளும் பாத்தாச்சு. ஞாயித்துக்கெழமை காலைல அடிவாரத்துக்கு வரச் சொல்லீட்டேன்.”

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவரும் திறமை எனக்கில்லை. நேரிலும் இல்லை. “சரிங்கண்ணா, டீ குடிக்கறீங்களா?” என்றுதான் கேட்டேன். கோபம் வந்தால் உபசரிக்கிற வியாதி எனக்கு. எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்க்கிறவனுக்கு அது தொழிலோடு ஒட்டிக்கொண்டது. மேலே மேனேஜர் கத்துவார், கீழே ஆட்கள் கத்துவார்கள், நடுவில் கணக்கெழுதுகிறவன் எல்லாருக்கும் டீ சொல்லிக்கொண்டிருப்பான்.

வேன் எனக்கும் அண்ணனுக்கும் பொது. சேர்ந்து வாங்கினோம். பைக் வாங்கிய பிறகு அண்ணன் வேனைத் தொடுவதில்லை. எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் நான் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் முதல் வளைவிலேயே குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஓட்டுகிறவள் என் மனைவி. தலைச்சோலையிலும் செம்மநத்தத்திலும் நாலைந்து தோட்டக்காரர்களிடம் பீன்ஸ், சௌசௌ, பட்டர் ஃபுரூட் எடுத்துப் போய்ச் சேலத்துக் கடைகளில் போடுகிறாள். வேன் வருவதற்கு முன்னால் இதே மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனவள்தான். கண்டக்டரிடம் பேச்சு வாங்கி, மூட்டை மேல் யாராவது உட்கார்ந்து, கீழே போய் அவிழ்த்தால் பீன்ஸ் துவையல் அரைக்கிற பக்குவத்தில் இருக்கும். கடைக்காரர் பாதியைத் தள்ளிவிடுவார். வேன் போனால் மறுபடி அந்த பஸ், அந்தக் கண்டக்டர், அந்தத் துவையல். அண்ணன் போன பிறகு அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கினாள். அந்தச் சத்தம் தோட்டம் தாண்டிக் கேட்டிருக்கும்.

எங்கள் மலையில் வண்டி விற்பதற்கு ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் மேலே வந்து பார்க்க மாட்டார். வண்டிதான் இறங்கி அடிவாரம் போக வேண்டும். கடைசி வளைவு முடிந்து ரோடு நேராகிற இடத்தில், டீக்கடை ஓரமாக அவர் காத்திருப்பார். வண்டி வந்து நின்றதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, பிரேக் கருகிய வாசனை வருகிறதா என்று முகர்வார். அப்புறம் பின்னால் போய் நின்றுகொண்டு, “ஒருக்கா மிதிங்க” என்பார். மிதித்ததும் புகை வந்தால் கதை முடிந்தது. பாதி விலை, அல்லது பழைய இரும்பு விலை. அடிவாரத்தில் புகை விட்ட வண்டிக்கு இந்த மலையில் மறுவிசாரணை கிடையாது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு கிட்டத்தில் போய் முகர்வதில்லை.

மறுநாள் ஏற்காடு டவுனில் மெக்கானிக்கிடம் வேனைக் கொண்டுபோனோம். அவர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தத்தைத் தலை சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். கச்சேரி கேட்கிற மாதிரிதான் இருந்தது.

“அடிவாரத்துல பொக வந்துச்சுங்களா?”

“வந்துச்சுங்க.”

“பிஸ்டன் ரிங் போயிருச்சுங்க. இன்ஜினை எறக்கோணும்.”

“தொறந்து பாக்கலீங்களா?” என்றாள் என் மனைவி.

“அடிவாரத்துலதான் பொக வந்துருச்சேங்க. அப்பறம் என்னத்தைத் தொறந்து பாக்கறது?”

பன் டீயில் உடைந்து விழுந்தது. அவர் கவனம் முழுக்க அதற்குப் போய்விட்டது. நான் அவருக்கு இன்னொரு டீ சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பட்டறையின் டயர்களெல்லாம் எரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் அவள்தான் கேட்டாள். “ஏனுங்க, ஏர்றப்பப் பொகையே வர்றதில்லையே, கவனிச்சிருக்கீங்களா?”

நான் கவனித்ததில்லை. வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

“ரிங் போயிருந்தா உர மூட்டையோட மேல ஏர்றப்பத்தானே தெணறோணும்? கும்முன்னு ஏர்றான். எறங்கி முடிச்சு மிதிச்சா மட்டும் பொக வுடறான். அது எப்படிங்க?”

எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோபத்துக்கு ஒரு முனை கிடைத்தது. எஸ்டேட்டில் காப்பி மூட்டை எடை போடும் இடத்தில்தான் போனுக்கு சிக்னல் வரும். சாயங்காலம் அங்கே தராசு மேல் உட்கார்ந்து தேடினேன். ஒரு வீடியோவில் ஒருவர் இந்தியில் சிரித்துச் சிரித்து விளக்கினார். அவருடைய இன்ஜின் கழுவித் துடைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. அதிலேயே எனக்கு அவர் மேல் ஒரு வெறுப்பு. பேசியதில் பாதி புரியவில்லை, படம் புரிந்தது. பிசிவி வால்வு என்று ஒரு சாமான். கட்டைவிரல் அளவுகூட இல்லை.

விஷயம் இவ்வளவுதான். இன்ஜினில் எரிகிற வாயு கொஞ்சம் கீழே ஆயில் இருக்கும் பக்கம் கசியும். உள்ளேயே அடைத்து வைத்தால் அது சீல்களைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். அதனால் ஒரு குழாய் வழியாக இன்ஜினே அதை உறிஞ்சி மறுபடி எரித்துக்கொள்கிறது. எவ்வளவு உறிஞ்சலாம் என்று அளவு பார்ப்பது இந்த வால்வு. மலை இறங்கும்போது நாங்கள் இரண்டாம் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவோம். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் அது பேய் மாதிரி உள்ளே இழுக்கும். வால்வு அப்போது வழியைக் குறுக்க வேண்டும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆயிலும் சேர்ந்து போய்விடும். வளைவுக்கு வளைவு குடித்துக்கொண்டே இறங்கி, கீழே போய் மிதித்தவுடன் நீலமாக ஏப்பம் விடும்.

தராசு மேலிருந்து குதித்து எழுந்தேன். இத்தனை காலமாக இந்த மலையில் ஒவ்வொரு வண்டியையும், எந்த இடத்தில் புகை வருமோ அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, “பார், புகை வருகிறது” என்று தீர்ப்பெழுதியிருக்கிறோம். ஏறும்போது ஒருவராவது பின்னால் பார்த்தோமா? ஏறும்போது எல்லாரும் ரேடியேட்டரைத்தான் பார்ப்போம். எத்தனை நல்ல இன்ஜின்களை உயிரோடு புதைத்தோமோ. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் காவல்காரர் மட்டும்தான் இருந்தார். அவரிடம் சொன்னேன். “அப்படீங்களா,” என்றுவிட்டு நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு வால்வைத் தேட ஆரம்பித்தேன். எங்கள் வேனுக்கு இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, தலையைக் கிணற்றுக்குள் விடுவதுபோல விட வேண்டும். உள்ளே இந்திக்காரரின் தாம்பாளம் இல்லை. மழை பெய்த சந்தை மாதிரி இருந்தது. எல்லாம் கறுப்பு, எல்லாம் பிசுக்கு, எல்லாம் குழாய். ஒரு தடித்த குழாயில் நடுவே வால்வு மாதிரி ஒன்றைக் கண்டேன். வெற்றி. பிடுங்கினேன். ஊதினேன். ஒரு பக்கம் காற்றுப் போனது, மறுபக்கம் போகவில்லை. அடைத்துக்கொண்டிருக்கிறது, வேறென்ன? குழாய் வாயில் ஒரு கார்க்கைத் திணித்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பெருமையாக மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வெளியே நின்றபடியே காலை நீட்டி ஒவ்வொரு பெடலாக மிதித்துப் பார்த்தாள். பிரேக்கில் நின்றுவிட்டாள்.

“பிரேக்கு கல்லாட்டம் இருக்குதுங்க.”

நான் பிடுங்கியது பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற குழாய். அதன் வால்வு ஒரு பக்கம்தான் காற்று விட வேண்டுமாம். அது பாவம் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

“பிரேக்கைப் புடுங்கிட்டாப் பொக வராதுன்னு கண்டுபுடிச்சீங்களாக்கும்,” என்றாள். “வராதுதான். அடிவாரமே வராதே. ரெண்டாவது வளைவுலயே நேரா மேலோகம்.”

குழாயைத் திரும்ப மாட்டி, அவள் மிதித்துப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் என்னை மறுபடி உள்ளே தலைவிட அனுமதித்தாள். கார்க்கை அவளே எடுத்துத் தோட்டத்துக்குள் வீசினாள். வீசிய வேகம் எனக்கானது.

இந்த முறை கண்ணை நம்பவில்லை. இன்ஜின் தலைக்கு மேலே மூடியாக இருக்கும் டேப்பெட் கவரில் கையை வைத்து, அதிலிருந்து எந்தக் குழாய் கிளம்புகிறது என்று விரலாலேயே தடவிக்கொண்டு போனேன். பின்பக்க மூலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எள்ளுருண்டை மாதிரி ஒன்று. மண்ணும் ஆயிலும் சேர்ந்து உருண்டை பிடித்திருந்தது. கீழே ஒரு ரப்பர் வளையம், மேலே குழாய். அதேதான்.

இன்ஜினைக் கட்டியவன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்தச் சாமானைக் கண்ணெதிரே வைத்தால் என்ன கேடு? வீட்டில் பீரோ சாவியை ஒளித்து வைக்கிறவன்தான் இதையும் வைத்திருக்க வேண்டும். குழாயின் கிளிப்பை நகர்த்தி, வால்வைப் பிடித்துத் திருகித் திருகி மேலே இழுத்தேன். வால்வு வந்தது. காய்ந்து ஓடாகிப்போன ரப்பர் வளையம் உடைந்து, பாதி என் கையிலும் பாதி இன்ஜினுக்குள்ளும் போனது.

கொஞ்ச நேரம் நான் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை. மனைவி டார்ச் அடிக்க, கம்பியை வளைத்து, துண்டு துண்டாக வெளியே எடுத்து, தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்தோம். வட்டம் முழுசாகும்வரை விடவில்லை. ஒரு துணுக்கு உள்ளே கிடந்தாலும் அண்ணன் சொன்னதை நானே மெய்யாக்கியவன் ஆகிவிடுவேன்.

வால்வைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். நல்ல வால்வு என்றால் கிலுகிலுப்பை மாதிரி உள்ளே ஆட வேண்டும். சத்தமே இல்லை. இந்தப் பக்கம் ஊதினேன், போனது. அந்தப் பக்கம் ஊதினேன், போனது. பிசின் மாதிரி கசடு பிடித்து, திறந்தபடியே சிக்கியிருந்தது. சந்தோஷத்தில் இன்னும் நாலு தடவை ஊதினேன். அந்த நேரம் பார்த்து அண்ணனின் பைக் வந்து நின்றது.

“என்றா இது, வாயெல்லாம் கரி?”

“வால்வுங்கண்ணா. இதுதான் பொகைக்குக் காரணம். இன்ஜினுக்கு ஒன்னும் இல்லீங்க.”

“நாளைக்கு விக்கப்போற வண்டிக்கு என்னத்துக்குடா வைத்தியம்? பொணத்துக்குப் பவுடர் போடறயா?”

“செத்துருச்சுன்னு யாருங்க மாமா பாத்தது?” என்றாள் என் மனைவி, டார்ச்சை அணைக்காமல் அவர் முகத்துக்கே பிடித்து. “பஸ்ஸுல இருந்துட்டே நாடி புடிச்சுப் பாத்தீங்களாக்கும்.”

அண்ணன் கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டார். “காலைல நேரத்துக்கு வந்து சேருங்க,” என்று எனக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கறுப்பு வாயைத் திறந்து, “டீ குடிச்சுட்டுப் போங்கண்ணா,” என்றேன்.

உச்சி வெயிலில் பஸ் பிடித்துச் சேலம் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பழைய வால்வை வாங்கி, விரல் நுனியில் பிடித்துப் பார்த்தார். செத்த பல்லியைப் பிடிக்கிற பிடி.

“இதையெல்லாம் யாரும் மாத்தறதில்லீங்க.”

“நான் மாத்தறேனுங்க.”

“பொக வருதுங்களா? ஹோஸ் கொழாய்ல ஒரு போல்ட்டைச் சொருகி அடைச்சு வுட்டுருங்க. நின்னுரும்.”

“உள்ள அழுத்தம் ஏறி, சீல் பிதுங்கி ஆயில் கொட்டாதுங்களா?”

“கொட்டும். ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள வித்துப்போட்டுப் போயிருங்க. அடிவாரத்துல எல்லாரும் இதைத்தான் பண்றாங்க.”

ஆக, அங்கே நல்ல இன்ஜினும் புகை விட்டுச் சாகிறது, சாகப்போகிற இன்ஜினும் போல்ட்டை விழுங்கிக்கொண்டு தேறிவிடுகிறது. இதற்குத்தான் ஊர்கூடி நின்று முகர்ந்துகொண்டிருக்கிறோம். எனக்கு மண்டை வெடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடையில் குரலை உயர்த்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “எனக்கு வால்வுதானுங்க வேணும். ரப்பரோட குடுங்க,” என்று கத்தியிருக்கிறேன். கத்தும்போதுகூட ‘ங்க’ போட்டிருக்கிறேன். கடைக்காரர் பயப்படவில்லை, ஆனால் ஏணி வைத்து மேல்தட்டில் ஏறித் தேடி எடுத்துக் கொடுத்தார்.

மாட்டுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அது இன்னொரு கோபம். புது ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி ஓட்டையில் அழுத்தினேன். புது வால்வைக் குலுக்கினேன், கிலுகிலு என்றது. என் மனைவியும் ஒருமுறை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். வளையத்துக்குள் தள்ளிக் குழாயை மாட்டிக் கிளிப்பைப் போட்டேன். உடனே சேலம் ரோட்டில் நாலைந்து வளைவு இறங்கி, ஓரமாக நிறுத்தி, நான் பின்னால் போய் நிற்க, அவள் மிதித்தாள்.

புகை வந்தது.

இந்திக்காரரைத் திட்டினேன். கடைக்காரரைத் திட்டினேன். என்னைத் திட்டிக்கொண்டேன், அதில் எனக்கு அனுபவம் அதிகம். அவள் மட்டும் நிதானமாக யோசித்தாள்.

“இத்தன நாளாக் குடிச்ச ஆயிலு கொழாயெல்லாம் தேங்கியிருக்குமில்லீங்க. கக்கித் தீரட்டும்.”

மேலே ஏறி மறுபடி இறங்கினோம். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. வண்டிக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அலைந்தது. அது எங்களுடையதா, மலையுடையதா என்று எவ்வளவு குனிந்து பார்த்தும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லோடு நாள். பீன்ஸ் கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினாள், நான் பக்கத்துச் சீட்டில். வேண்டுமென்றே இரண்டாம் கியரிலேயே, காலை எடுத்துவிட்டு, வழி முழுக்க இன்ஜினை இழுக்கவிட்டு இறங்கினாள். அடிவாரத்தில் அண்ணன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். பக்கத்தில் வாங்குகிறவர், வெள்ளைச் சட்டை, வாயில் பல்குச்சி. நான் இறங்கிப் பின்னால் ஓடினேன். அவர் முன்சக்கரத்தை முகர்ந்தார். பின்சக்கரத்தை முகர்ந்தார். அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒருக்கா மிதிங்க.”

மிதித்தாள். ஒன்றும் இல்லை.

“இன்னொருக்கா. நல்லா.”

இன்ஜின் அலறியது. பின்னால் தெளிவாக ரோடு தெரிந்தது, ரோட்டில் ஒரு கோழி தெரிந்தது. அந்தக் கோழியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாங்குகிறவர் பல்குச்சியை எடுத்தார். “நல்ல இன்ஜினுங்க. கேட்ட வெலைக்கே எடுத்துக்கறேன்.”

அண்ணனின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. புகை விடுகிற வண்டியாகவே இருந்திருந்தால் இந்த ஆள் இழுத்தடித்திருப்பார், பேரம் படியாமல் போயிருக்கும். வாயெல்லாம் கரியாக்கிக்கொண்டு, பஸ் ஏறிப் போய்க் கத்தி வாங்கி வந்து, என் மனைவியின் வண்டியை நானே விற்பனைக்குத் துடைத்து வைத்திருக்கிறேன். என்னைவிடப் பெரிய முட்டாளை அடிவாரத்தில் அன்று வரை யாரும் முகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

“எறங்கு கண்ணு,” என்றார் அண்ணன். “சாவியக் குடு, அவரு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும்.”

அவள் இறங்கவில்லை. இன்ஜினையும் நிறுத்தவில்லை.

“எதுக்குங்க மாமா விக்கறது?”

“எதுக்கா? அதான் பொக...”

“பொக எங்கீங்க?”

அண்ணன் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். கோழிதான் இருந்தது.

“பொகைக்காக விக்கறதாச் சொன்னீங்க. பொகதான் இல்லையே. பீன்ஸ் வாடுது, நான் கெளம்பறேனுங்க.” வாங்குகிறவரைப் பார்த்து, “வெயில்ல நிக்க வெச்சுட்டோம், கோவிச்சுக்காதீங்கண்ணா,” என்றாள். வேன் சேலம் பக்கம் போயே போய்விட்டது. என்னை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் ஏற்றவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவனெல்லாம் ஒரு ஆம்பளையாடா? எனக்கும் பாதி இருக்குதுடா அதுல.”

எனக்குள் என்னவோ பிய்த்துக்கொண்டது. பேச வேண்டியது நிறைய இருந்தது. வாயில் வந்தது அவள் சொன்னது மட்டும்தான்.

“பொக எங்கீங்கண்ணா?” என்று கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்னும் பலமாகக் கத்தினேன். “காட்டுங்கண்ணா. பொக எங்க? பொக எங்க?” டீக்கடைக்காரர் வடைக்கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். தொண்டை கட்டும்வரை அதையேதான் கத்தினேன்.

வாங்குகிறவர் நடுவில் வந்து அண்ணனின் தோளைத் தொட்டார். “வண்டிய வாங்கிப்போடலாமுங்க. அந்தம்மா கையில இருந்து சாவிய வாங்க நம்மளால ஆவாதுங்க. வுட்டுருங்க,” என்றுவிட்டுப் பல்குச்சியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு நடந்தார். அண்ணன் பைக்கை உதைத்துக் கிளப்பினார். ஏறிக்கொள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வேன் காலிக் கிரேட்டுகளோடு திரும்பி வந்து நின்றது. ஏறினேன்.

“மாமா என்ன சொன்னாரு?”

“பைக்கை எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“வாங்க வந்தவுரு?”

“வேண்டாம்னு போயிட்டாரு.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“கத்தினேன்.”

“யாரையுங்க?”

“அண்ணனை.”

கட்டியிருந்த என் குரலைக் கேட்டுவிட்டு, நிஜம்தானா என்று என் தொண்டையைப் பார்த்தாள். பார்வையில் இன்னும் கோபம் முழுசாகப் போகவில்லை.

“அடுத்த தடவ நான் இருக்கறப்பக் கத்துங்க,” என்று சொல்லிவிட்டு முதல் கியரைப் போட்டாள்.